பதினாலாம் வளைவில் சொல்லும் வரி

கண்ணு சரவணா, இதையெல்லாம் நான் அன்றைக்கே சொன்னேன். உன் கல்யாணத்தன்று சேலத்து மண்டபத்தில், பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது, இருநூறு பேர் காது கேட்க, "எழுதி வெச்சுக்கங்க, இந்தப் புள்ள நர்ஸ் வேலைய ஒரு கொழந்த பொறக்குற வரைக்குந்தான் பார்க்கும்" என்று சொன்னேன். இருநூறு பேர் என்பது கொஞ்சம் அதிகம்தான். பக்கத்து இலையில் இருந்த இரண்டு பேர் கேட்டார்கள், அதில் ஒருவருக்குக் காது மந்தம். ஆனாலும் சொன்னது சொன்னதுதான். ஏற்காடு ஜீப் ஸ்டாண்டில் யாரை வேண்டுமானாலும் கேள், பனி எந்த நேரத்தில் இறங்கும் என்பதிலிருந்து எவன் வண்டி எந்த வளைவில் நிற்கும் என்பது வரை நான் சொல்லித் தப்பியதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை உன் மகனுக்கு மொட்டை போட சேர்வராயன் கோயிலுக்கு என் ஜீப்பில் வந்தீர்களே, இருபதாம் வளைவு திரும்பும்போது கௌசல்யா பின்சீட்டிலிருந்து, "சரிங்க, ஒண்ணாந்தேதி நானும் வேலைய வேணாம்னு எழுதிக் குடுத்தர்றேன்" என்றாளே, அந்த நிமிடம் என் வாக்கு பலித்தது. வாக்குப் பலித்தவன் சந்தோஷப்பட வேண்டும். அந்த வளைவில் நான் ஹாரன் அடிக்க மறந்ததை நீ கவனித்திருக்க மாட்டாய். நீ செல்போனில் மலையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாய்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நீ கேட்பாய். போனைக் காதில் வைத்தால் என் வாய் தானாக ஜோடிக்க ஆரம்பித்துவிடும், அது உனக்கே தெரியும். எட்டாவது ஃபெயில் ஆனவன் கை ஒவ்வொரு எழுத்தாகத்தான் நகரும். அந்த வேகத்தில் பொய் சொல்வது பெரிய கஷ்டம், பாதியிலேயே அலுத்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. தபால் அதற்குள் வந்துவிடும். வந்தும் நீ படிப்பாயா, படித்தும் ஏதாவது மாறுமா என்று கேட்டால், அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உன்னை எனக்குத் தெரியும். நீ என்னைப் பார்த்துப் பார்த்து என்னைப் போலவே வளர்ந்தவன்.

நடந்ததை உனக்கே திரும்பச் சொல்கிறேன். நீ முன்சீட்டில் இருந்தாய், உனக்குப் பின்சீட்டு தெரியாது. எனக்குப் பின்பக்கம் காட்டும் கண்ணாடி இருந்தது. கௌசல்யா அன்று காலை ஏழு மணிக்குத்தான் நைட் டியூட்டி முடிந்து ஊட்டுக்கு வந்தாள். எட்டு மணிக்கு நான் ஜீப்பை உங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது பையனைக் குளிப்பாட்டி, பால்புட்டி, ஃபிளாஸ்க், மாற்றுத்துணி, தேங்காய், கற்பூரம் எல்லாவற்றையும் ஒரே பையில் அடைத்து, உன் சட்டையையும் தேய்த்து வைத்திருந்தாள். நீ என்னிடம், "சித்தப்பா, இவ எப்பவுமே லேட்டு" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாய். முதல் வளைவு வருவதற்கு முன்பே அவள் தலை ஜீப்புக் கம்பியில் சாய்ந்துவிட்டது. பையன் அவள் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். இழுக்கும்போதெல்லாம் கண்ணைத் திறக்காமலே அவன் கையை விடுவித்தாள். நீ திரும்பி அவள் முழங்காலைத் தட்டினாய்.

"ஏ கௌசி, தூங்காத. இந்த ரோட்டுக்குன்னே ஒரு கதை இருக்குது, கேளு."

"காது தூங்கலைங்க, சொல்லுங்க" என்றாள், கண்ணை மூடியபடியே.

நீ சொல்ல ஆரம்பித்தாய். என் கதைதான். என் வார்த்தைகள், என் இழுப்பு, என் இருமல்கூட. முதல் வளைவில், பத்தாவது படித்த உன் சித்தி பழனியம்மாவுக்குச் செம்மநத்தம் அங்கன்வாடியில் டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்தது. ஐந்தாம் வளைவில் நாலு வயசு சரவணனுக்கு அனலாகக் காய்ச்சல் அடித்தது. ஒன்பதாம் வளைவில் சித்தப்பா, அதாவது நான், "போய்ட்டு வா பழனி, புள்ளைய நான் பார்த்துக்கறேன்" என்று கைகூப்பாத குறையாகக் கெஞ்சினேன். பதினாலாம் வளைவில் நான் கியர் மாற்றும் சத்தம் அடங்கும்வரை நீ காத்திருந்தாய். நான் டூரிஸ்டுகளுக்குச் சொல்லும்போது அங்கேதான் காத்திருப்பேன். அப்புறம் சித்தியின் குரலில் அந்த வரியைச் சொன்னாய். "கவர்மெண்டுக்கு ஆயிரம் ஆளு கெடைக்கும், இந்தப் புள்ளைக்கு நான் ஒருத்திதானுங்க." சொல்லிவிட்டு ஆர்டரை அடுப்பில் வைத்தாள், அந்தத் தீயில் உனக்குக் கஞ்சி காய்ச்சினாள். இருபத்தெட்டு வருஷமாக எத்தனையோ பெண்கள் அந்த இடத்தில் மூக்கைச் சிந்தியிருக்கிறார்கள். சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மா இறங்கும்போது ஜீப்பையே தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

கௌசல்யா அழவில்லை. கண்ணைத் திறந்தாள். பதினேழாம் வளைவுவரை பையன் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள். பிறகு, "அத்தை அதுக்கப்பறம் ஒரு நாளாச்சும் வருத்தப்பட்டாங்களா?" என்று கேட்டாள்.

"சித்தியா? சிரிச்ச மூஞ்சி மாறாது. ஹாஸ்பிடலுக்கு ஆயிரம் நர்ஸ் கெடைப்பாங்க கௌசி" என்றாய்.

அவள் உன்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "நெசங்களா மாமா?"

"பின்னே? நான் கூடவே இருந்தனே சாமி" என்றேன். மூன்று வளைவு தாண்டி அவள் எழுதிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். மூன்று வளைவுக்கு ஆகும் நேரம் எனக்குத் தெரியும். வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல அது தாராளமாகப் போதும்.

உன்னைப் பெற்ற என் அண்ணி போய்ச் சேர்ந்து, அண்ணன் திருப்பூரில் வேறு குடும்பம் கண்ட பிறகு, உன்னை வளர்த்தது நான் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். "அண்ணன் புள்ளைய மார்ல போட்டு வளர்த்தேன்" என்பேன். நான் உன்னை மார்பில் போட்டுக்கொண்டது ஒரு சித்திரைத் திருவிழாவில், கூட்டத்தில் உனக்குச் சாமி தெரியவில்லை என்பதற்காக. அதுவும் தோளில்தான். மற்ற நாளெல்லாம் நீ ஜீப்பின் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாய், ஊட்டில் இருந்தால் சித்தி இடுப்பில் இருந்தாய். மழைக்காலத்தில் இந்த மலையில் துணி காய்வது எவ்வளவு பெரிய பாடு என்று உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. உன் யூனிஃபார்ம் தினமும் எப்படிக் காய்ந்தது என்று நாம் இரண்டு பேரும் ஒருநாள்கூடக் கேட்டுக்கொண்டதில்லை. அடுப்புக்கு மேலே கம்பி கட்டி, புகை படாமல் திருப்பித் திருப்பிப் போட்டுக் காயவைத்தாள் என்பது போன ஆடி மாதம்தான் எனக்குத் தெரிந்தது, என் சட்டையை நானே காயவைக்க வேண்டி வந்தபோது.

அந்த ஆடியில்தான் அவள் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். நாற்பது நாள் நான் தனியாளாக ஊட்டைத் தூக்கி நிறுத்தினேன் என்று உனக்குப் போனில் சொன்னேன், நீயும் பாராட்டினாய். நாற்பது நாள் இல்லை கண்ணு, ஒன்பது நாள். பத்தாம் நாள் கட்டோடு இடது கையால் அவளே அரிசி களைய ஆரம்பித்துவிட்டாள், நானும் தடுக்கவில்லை. அந்த ஒன்பது நாளில் விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தை மூன்று நாள் தவறவிட்டேன். வாசலில் அடுக்கிய விறகு மழையில் நனைந்தது. ஒரு சமையல் முடிவதற்குள் அடுத்த சமையலுக்கு யோசிக்க வேண்டும் என்பது எனக்குப் புதுச் செய்தியாக இருந்தது. சாம்பாரைவிட அந்த யோசனைதான் என்னைக் கொன்றது. வண்டி ஓட்டுகிறவனுக்கு ஊர் வந்தால் வேலை முடிந்தது. அவளுக்கு ஊரே வரவில்லை, கல்யாணமான நாளிலிருந்து ஏறிக்கொண்டே இருக்கிறாள்.

ஒரு தடவை ஏதோ கணக்கெடுப்புக்காக ஒரு பெண் நம் வாழவந்தி ஊட்டுக்கு வந்தாள். வயசு, படிப்பு, தொழில் எல்லாம் எழுதிக்கொண்டாள். எனக்குத் தொழில் நாலு சொன்னேன். ஜீப் டிரைவர், டூரிஸ்ட் கைடு, மிளகு வியாபாரம், காப்பித் தோட்டம். "அம்மாவுக்கு என்னங்க தொழில்?" என்று கேட்டாள். "அவிங்களுக்கு ஒண்ணுமில்லீங்க, ஊட்லதான் இருக்காங்க" என்றேன். நான் சொன்ன நாலில் பின்னால் இருக்கும் இரண்டும் உன் சித்தியின் வேலை. மிளகைப் பறித்தவள், உதிர்த்தவள், காயவைத்தவள், காப்பிச் செடிக்குக் கிளை கழித்துக் கவாத்து பண்ண ஆள் கூப்பிட்டவள், ஆள் வராவிட்டால் தானே அரிவாளை எடுத்துக்கொண்டு போனவள் எல்லாம் அவள்தான். மூட்டையை ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோய்ப் போட்டதால் வியாபாரி நான். அந்த நேரம் அவள் டம்ளரோடு வெளியே வந்து, "சக்கரை போதுங்களா கண்ணு?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டாள். நான் சொன்னது அவள் காதில் விழுந்ததா என்று இன்றுவரை தெரியாது. விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வது அவளுக்கு அப்போதே கைவந்திருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் செம்மநத்தம் அங்கன்வாடி டீச்சருக்கு ரிட்டயர்மெண்ட். உன் சித்திக்கு வந்த வேலைக்கு அடுத்த லிஸ்டில் வந்து சேர்ந்த அதே பத்மாவதி டீச்சர்தான். ஊர்க்காரர்கள் என் ஜீப்பைத்தான் கூப்பிட்டார்கள். பூ கட்டி, ஒலிபெருக்கி வைத்து, டீச்சரை முன்சீட்டில் உட்காரவைத்து ஊரைச் சுற்றி வந்தேன். வழியெல்லாம் அவரிடம் படித்த பிள்ளைகள், சிலருக்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறது, ஓடிவந்து மாலை போட்டார்கள். ஜீப்பில் இடம் இல்லாமல் கடைசி மாலையை என் கழுத்தில் போட்டார்கள். அதோடு ஊட்டுக்கு வந்து நின்றேன், பெருமையாகத்தான். உன் சித்தி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். மாலையைப் பார்த்தாள்.

"யாரு, பத்மாவதிக்கா?"

"ஆமா. ஊரே தெரண்டு வந்துருச்சு. நொம்ப விமரிசை."

"பெரிய பசங்களெல்லாம் என்னன்னு கூப்டுதுங்க?"

"டீச்சர்னுதான்."

"இன்னுமா?"

"இன்னும்தான்."

"ம்" என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மாலையை நான் எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜீப்பின் மீதே போட்டு வைத்தேன், அங்கேயே காய்ந்தது.

உனக்குப் புத்தி சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். எல்லா விஷயத்துக்கும் என்னிடம் ஒரு புத்திமதி இருக்கும், கேட்காதவனுக்கும் கொடுப்பேன். இதற்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. பால்புட்டியை நீ கழுவு, பையனை ராத்திரி நீ எழுந்து பார் என்றெல்லாம் எழுதலாம். நீயும் நாலு நாள் செய்வாய், அதை ஆபீஸில் நாற்பது பேரிடம் சொல்வாய். நான் அப்படித்தான் செய்தேன். இப்போதெல்லாம் நான் பாத்திரம் கழுவுகிறேன். கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய் அவளுக்குக் கேட்கும்படி இருமுகிறேன். அவள் வந்து அத்தனையையும் எடுத்து மறுபடி கழுவுகிறாள். அழுக்கு போகாததாலா, இல்லை நான் தொட்டதாலா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அறுபத்து நாலு வயசில் கற்றுக்கொள்ள ஆரம்பித்தால் இவ்வளவுதான். உனக்கு முப்பத்திரண்டு. இருக்கிற காலம் உனக்கு அதிகம் என்று எழுதத் தோன்றுகிறது, ஆனால் எனக்கும் ஒரு காலத்தில் முப்பத்திரண்டு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கௌசல்யா ஒன்று கேட்டாள், உன் காதில் விழுந்திருக்காது. உன் சித்தி பொங்கல் தூக்கைச் சுமந்துகொண்டு பஸ் பிடித்து, கடைசி தூரத்தை நடந்து வந்தாள். ஜீப்பில் இடம் இருந்தது. "அத்தை ஏன் மாமா நம்ம வண்டில வரல?" என்றாள். "அவிங்களுக்கு ஜீப்புன்னா வளைவுல தலை சுத்தும் சாமி" என்று, இருபது வருஷமாக எல்லோருக்கும் சொல்வதையே சொன்னேன். "பஸ்ஸும் அதே வளைவுலதானே மாமா வருது?" என்றாள். நர்ஸ் அல்லவா. இத்தனை வருஷத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். இப்படிக் கேட்கத் தெரிந்த பிள்ளையைத்தான் நீ ஊட்டில் உட்காரவைக்கப் பார்க்கிறாய்.

அவளுக்குச் சொல்லாத பதிலை உனக்கு எழுதுகிறேன். நீ ஏழாவது படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவில் பேச்சுப்போட்டி, தலைப்பு தியாகம். நீ என் ஜீப் கதையை அப்படியே மேடையில் சொன்னாய். முதல் பரிசு, ஒரு எவர்சில்வர் தட்டு. தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்து, "அந்தத் தாய் இங்கே வந்திருக்கிறாரா?" என்று கேட்டார். எல்லோரும் திரும்பி உன் சித்தியைப் பார்த்துக் கைதட்டினார்கள். மேடைக்கு ஏற்றினார்கள். "இந்தப் பையன் சொன்னதெல்லாம் உண்மைதானேம்மா?" என்று கேட்டார். நான் கீழே நாற்காலியில் இருந்தேன். உன் சித்தி முதலில் என்னைப் பார்த்தாள். அப்புறம் தட்டைப் பிடித்துக்கொண்டு அவளை அண்ணாந்து பார்த்த உன்னைப் பார்த்தாள். "ஆமாங்க" என்றாள். அன்று ஊட்டுக்கு நடந்தே வந்தாள். அதற்குப் பிறகு என் ஜீப்பில் அவள் ஏறியதில்லை. தலை சுற்றல் என்பது நான் வைத்த பேர்.

இனி எழுத வேண்டியது ஒன்றுதான். கை நகரமாட்டேன் என்கிறது. அந்தக் கதையில் ஆர்டர் வந்தது நிஜம். ஜீப் ஸ்டாண்டில் வைத்துத் தபால்காரர் கொடுத்தார். எங்கள் பக்கத்துத் தபாலெல்லாம் அப்போது ஜீப்பில்தான் போகும். "ஏனுங்க, ஊட்டுக்கார அம்மாவுக்குக் கவர்மெண்ட் கவர் வந்துருக்குது, மொதல்ல எனக்கு டீ வாங்கிக் குடுங்க" என்றார். கையெழுத்துப் போட்டு வாங்கினேன், டீயும் வாங்கிக் கொடுத்தேன். பதினைந்து நாளில் போய்ச் சேர வேண்டும் என்று போட்டிருந்தது. எட்டாவது ஃபெயில் ஆனவனைப் பார்த்து ஸ்டாண்டில், "டீச்சரம்மா ஊட்டுக்காரர் வர்றாருடோய்" என்று அன்றே ஒருவன் சிரித்தான். ஊட்டில் சுடுசோறு யார் போடுவார்கள், ஜீப் சீட்டுத் துணியை யார் துவைப்பார்கள் என்று எனக்கு யோசனை ஓடியது. கவரை டேஷ்போர்டில் வைத்துப் பூட்டினேன். போகும்போது மிக்சர் வாங்கிப் போனேன். "என்னங்க விசேஷம்?" என்றாள். "சும்மாதான்" என்றேன். தினமும் சாயங்காலம், "எனக்குத் தபால் ஏதாச்சும் வந்துதுங்களா?" என்று கேட்டாள். பதினாறாம் நாள் சேலத்துக்குச் சவாரி போகும் வழியில் அதைக் கிழித்துப் பதினாலாம் வளைவில் பள்ளத்தில் போட்டேன். அந்த வளைவு வந்தால் எனக்கு ஏதாவது பேசியாக வேண்டியிருந்தது. அதனால்தான் கதையின் பெரிய வரியை அங்கே வைத்தேன். உன் சித்தி வண்டியில் இருந்தால் மட்டும் அந்தக் கதையை எடுக்கமாட்டேன். உனக்குக் காய்ச்சலும் இல்லை. நீ வாசலில் டயர் உருட்டிக்கொண்டிருந்தாய். உனக்காக யாரும் எதையும் விடவில்லை.

கௌசல்யாவிடம் இதைப் படித்துக் காட்டு. படித்துக் காட்டமாட்டாய் என்றுதான் நினைக்கிறேன், அதனால் கவரின் மேல் அவள் பேரையும் எழுதுகிறேன். ஆயிரம் ஆளு, ஒருத்திதான் என்ற அந்த வரியை உன் சித்தி சொல்லவில்லை, நான் ஜோடித்தது. அவள் எதையும் அடுப்பில் வைக்கவில்லை. ஆர்டர் வந்ததே அவளுக்கு அந்த மேடையில் நீ சொல்லித்தான் தெரியும்.